ஆவியாகாத உப்பு

இந்தச் செடிக்கு யாரோ தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றுகிறார்கள், சொல்லலாமா, வேண்டாமா? உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். உங்கள் மேஜை ஓரத்தில் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. பாவம், ஊற்றுகிறவருக்கு நல்ல மனசாகத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டது வேறு, டாக்டரம்மா. மறக்கவில்லை. எதிர் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் என் தங்கை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நர்ஸ் பக்கத்தில் போனால் ஒரே கேள்விதான். "எங்க அக்கா உயிரோட இருக்காங்களா?" நேற்று என்னைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்தினீர்கள். "வீட்டுக்குப் போயிடலாம்கா, நான் வெளியே இருந்தா நீ விழுந்துடுவே" என்று தன் கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்கப் போனாள். அதற்குப் பிறகுதான் என்னை உள்ளே விடவில்லை. நான் போய் அவளிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அதற்கு முன் நடந்ததை எல்லாம் உங்களிடம் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். முப்பதைத் தாண்டிய பிறகும் பொடிசுதான். அம்மா போனபோது அவளுக்குப் பள்ளிக்கூட வயது. அப்பா அதற்கும் முன்னாலேயே போயிருந்தார். நான் அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகள் கலக்கிக் கொட்டியதைக் கழுவி வைக்கிற வேலை. பொடிசுக்குத் தலை வாரிவிட்டு, சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் வேலைக்குப் போவேன். எனக்கு வந்த வரன்களை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளினேன். அப்புறம் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் பழையது. ஒருநாள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அவளை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் படிக்கட்டில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். லிஃப்ட் மெக்கானிக் வந்து கதவில் காதை வைத்தார்.

"உள்ளே யாருங்க?"

"மூணாவது மாடி."

"மூணாவது மாடி பேசுதா? பேர் என்னங்க?"

"முதல்ல கதவைத் திறங்க, அப்புறம் சொல்றேன்."

"அப்படின்னா மெதுவாத்தான் திறக்கணும். திறந்தா பேசாமப் போயிடுவீங்க."

உள்ளேயிருந்து அவள் சிரித்தாள். அவ்வளவு நேரம் அடைபட்டுக் கிடந்தவள் சிரிக்கிறாள். படியில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் எதிர்க்கவில்லை. நல்ல பையன்தான். "ஊரே என் கயித்துலதான் தொங்குதுக்கா, ஆனா எங்க அம்மா என்னை ஒரு வேலைக்கும் நம்ப மாட்டாங்க" என்று பேசிப் பேசியே வீட்டுக்குள் வந்துவிட்டான். வேறு ஊருக்கு மாற்றல் வரப்போகிறது, கல்யாணம் செய்துகொண்டு இவளையும் கூட்டிப்போவேன் என்றான். சரி என்றேன். ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. பொடிசு விளையாட்டுப் பெண். வீட்டில் ஒரு துளசிச் செடியைக்கூட அவள் பார்த்துக்கொண்டதில்லை. ஒரு உயிரைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டு போகட்டும் என்றுதான் கடல்நீர் மீன்தொட்டி வைக்கலாம் என்று நான் சொன்னேன். மீன் மட்டும் போதாது, பவளமும் வைக்கலாம் என்று ஆசை காட்டியதும் நான்தான்.

கூடத்துச் சுவரோரம் மேஜையை நகர்த்தி, ஒரு தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தோம். மணலைக் குளியலறையில் வைத்துக் கலங்கல் போகிறவரை அலசினோம். துளைத்துளையான கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துக் குகை மாதிரி அடுக்கினாள் அவள். சுத்திகரித்த தண்ணீரில் கடல் உப்புப் பொடியைக் கரைத்து ஊற்றினோம். தொட்டி பால் மாதிரி வெளுத்துப்போய்ப் பிறகு மெல்லத் தெளிந்தது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லில் குடியேறி, அழுக்கைத் தின்னப் பழகிய பிறகுதான் மீன் விடலாம்.

"எத்தனை நாளைக்குக்கா கல்லுக்கு டார்ச் அடிச்சிட்டிருக்கிறது?" என்று தினமும் சலித்துக்கொள்வாள். ஆனால் வேலை விட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவாள்.

மீன்கடைக்காரர் விவரமாகச் சொல்லித்தந்தார். மீனைப் பையிலிருந்து அப்படியே கொட்டக் கூடாது. மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, நம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் விட வேண்டும். "அவசரப்பட்டா தாங்காதும்மா. தண்ணி மாறினதே அதுக்குத் தெரியக் கூடாது" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

முதலில் நத்தைகள். பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன். விரல் மாதிரி நீட்டிக்கொண்டு ஆடும் பவளம் ஒன்று. கடைசியாக, மணலில் வளை தோண்டும் ஒரு சின்ன இறாலும் அதோடு சேர்ந்து வாழும் மஞ்சள் மீனும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது மணலை வாரி வாரி வெளியே கொட்டும். மீன் வாசலில் நின்று காவல் காக்கும். இறால் தன் மீசையை எப்போதும் மீனின் வாலில் வைத்துக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே போய்விடும். பொடிசு அதன் முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். "அக்கா, இது நீ. அந்தக் குருட்டுக் கழுதை நான்" என்பாள்.

இப்போது உப்பு விஷயம். தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது, தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மேஜைக்கு அடியில் ஒரே மாதிரி இரண்டு கேன் வைத்திருந்தோம். ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் தொட்டித் தண்ணீர் மாற்றுவதற்காகக் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர். அடையாளத்துக்கு உப்புக் கேனின் பிடியில் பொடிசு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள்.

முதல் தடவை நடந்தது நிஜமாகவே என் கவனக்குறைவு. புதிய ஊரில் வீடு பார்க்க அவனோடும் அவன் அம்மாவோடும் போயிருந்தாள். ரிப்பன் அழுக்காக இருந்தது. எனக்கு அழுக்கு ஆகாது. கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டேன். பிறகு தினமும் தவறான கேனிலிருந்து ஊற்றியிருக்கிறேன். நல்ல வெயில் காலம், தண்ணீர் மளமளவென்று குறைந்தது. பவளம் விரல்களை மடக்கிக்கொண்டு வெளுத்தபோதுதான் உப்பு அளக்கும் கருவியை வைத்து அளந்தேன். பதறிப்போய் நல்ல தண்ணீர் ஊற்றி அளவைச் சரிசெய்தேன். அதற்குள் ஒரு நத்தை செத்துவிட்டது.

அவள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அளந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"நான் போனதாலதானேக்கா?"

நடந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் சொன்னது, "அப்படியெல்லாம் நினைக்காதேடி. உன் தப்பு இல்லை."

அதில் பொய் இல்லை. அவள் தப்பு இல்லைதானே. ஆனால் சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. அவள் அழுதாள். அடுத்த வாரம் போவதாக இருந்த பயணத்தை அவளாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் நீல வெளிச்சத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டோம். என் தோளில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். வெகுநாளைக்குப் பிறகு ஒரு நல்ல சாயங்காலம்.

இரண்டாவது தடவை கவனக்குறைவு இல்லை. அவள் மறுபடி அந்த ஊருக்குப் போனதும் உப்பைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினேன். முதலில் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம். அவள் திரும்புகிற நாள் காலையில் நல்ல தண்ணீர் விட்டு அளவைப் பழையபடி கொண்டுவந்தேன். உப்பு ஏறுவதைவிடச் சட்டென்று இறங்குவதுதான் அவற்றுக்கு ஆகாது போலிருக்கிறது. கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் அங்கிருந்து போன் செய்து, "எல்லாம் நல்லா இருக்காக்கா?" என்று கேட்டாள். "இருக்கு, நீ சந்தோஷமா இரு" என்றேன். கொஞ்சம் தாமதித்துச் சொன்னேன். அது போதும். அதற்குப் பிறகு மணிக்கொரு தரம் கூப்பிட்டாள்.

காவல் மீன் செத்துப்போனது. இறால் மட்டும் வளை வாசலுக்கு வந்து மீசையை நீட்டி நீட்டித் துழாவியது. அதைப் பார்த்துவிட்டுப் பொடிசு அன்று சாப்பிடவில்லை. "அதுக்குக் கண்ணு தெரியாதேக்கா, இனிமே என்னக்கா பண்ணும்?" என்றாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். உன் தப்பு இல்லை என்று மறுபடியும் சொன்னேன்.

அவனுக்குச் சந்தேகம் வந்தது எப்படி என்று அவனே உங்களிடம் சொல்லியிருப்பான். மறுபடி ஒருமுறை பொடிசு அவன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாள் என்று எடுக்க வந்தான். தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவன், விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, சின்ன வயசுல கடல்ல விழுந்து வயிறு முட்டக் குடிச்சவன் நான். கடலே இவ்வளவு கரிக்காது."

"கிரீஸ் கையைத் தண்ணியில விடாதே தம்பி" என்றேன். "அதுங்களுக்கு ஆகாது."

அந்த முறை இறாலும் போயிற்று. அவன் தொட்டியில் விரலை விட்டதைப் பொடிசிடம் சொன்னேன். நடந்ததைத்தான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. சண்டை அங்கே ஆரம்பித்தது. "உங்க அக்காதான் ஏதோ பண்றாங்க. எதுவும் தானாக் கெடாதும்மா, என் பொழைப்பே அதுதான்" என்று அவன் கத்தினான். அவன் கண்முன்னாலேயே அவள் உப்பை அளந்து காட்டினாள். கோடு சரியான இடத்தில் நின்றது. "என்னை வளர்த்தவங்களைப் பத்திப் பேசறீங்க" என்றாள். இனிமேல் வர வேண்டாம் என்றும் சொன்னாள். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் போய்ப் பேசுவது நாகரிகம் இல்லை.

ஆனால் அவன் விடவில்லை. மாற்றலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். லிஃப்டைப் பார்க்க வருவான், படியில் நின்று பேசுவான். மாதங்கள் போயின. ஒருநாள் பொடிசு நல்ல புடவை கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "நாளன்னிக்குப் பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போடறோம்கா. நீயும் வரணும்" என்றாள். தொட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன்.

"மீன் செத்தா சாகட்டும்கா. எத்தனை நாளைக்கு மீனுக்குப் பயந்து வாழறது?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு உயிரைப் பற்றி அப்படிப் பேசலாமா? அவ்வளவு நாள் கற்றுக்கொடுத்தது எல்லாம் வீண்.

எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. நான் வரவில்லை, தலை கனமாக இருக்கிறது, நீ போய்விட்டு வா என்றேன். அன்றிலிருந்தே மாத்திரையை நிறுத்திவிட்டேன். அவள் கிளம்பிப் போன காலையில் மேஜைக்கு அடியிலிருந்து ரிப்பன் கட்டிய கேனை எடுத்தேன். ஆம், அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். சாக வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. அவ்வளவு தூரம் போகாது என்று எனக்குத் தெரியும், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். விழ வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு விழுந்தேன். அவர்கள் பொடிசுக்குப் போன் செய்தார்கள். பேனாவைக் கையில் வாங்கியவள் அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஓடிவந்தாளாம்.

கண் விழித்தபோது என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இனிமே எங்கேயும் போக மாட்டேன்கா" என்றாள். போகாதே என்று நான் கேட்கவில்லை. இதை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். நான் ஒருநாளும் அவளைப் போகாதே என்று சொன்னதில்லை. கதவைப் பூட்டியதும் இல்லை. சாவி எப்போதும் அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும்.

முதலில் வெளியூர் போவதை நிறுத்தினாள். பிறகு வேலையை விட்டாள். பிறகு கடைத்தெரு, பிறகு படிக்கட்டு. கடைசியில் வாசல்படியில் கால் விரல்களை வரிசையாக வைத்துக்கொண்டு, அதற்கு அந்தப் பக்கம் பள்ளம் இருப்பதுபோல் குனிந்து பார்ப்பாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கு மாத்திரை போட்டியாக்கா?" என்பாள். "போட்டேன்" என்பேன். கொஞ்சம் தாமதித்துத்தான் சொல்வேன், பழகிவிட்டது. என் துணிகளை மடித்து வைப்பாள், தொட்டியைத் துடைப்பாள், நான் வருகிற நேரத்துக்கு ஜன்னலில் நிற்பாள். நாங்கள் இரண்டு பேரும் சண்டையே போடவில்லை. சந்தோஷமாக இருந்தோம். அவளைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள்.

போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் மின்சாரப் பெட்டி தீப்பிடித்துப் புகை மேலே ஏறியது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எல்லோரும் இறங்கி ஓடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா பொடிசின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "விடுங்க, நான் வாசலைத் தாண்டினா அங்க எங்க அக்கா செத்துடுவாங்க" என்று கையை உதறிவிட்டு, உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டாளாம். லிஃப்டில் யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வந்தவன்தான் அந்தப் புகையில் மூன்று மாடி ஏறிப்போய், கதவை உடைத்துத் தூக்கி வந்தான். மின்சாரம் நின்றதில் தொட்டியும் நின்றுவிட்டது. கோமாளி மீன் இரண்டும் மிதந்தன. அது என் வேலை இல்லை. இந்த முறை நான் எதுவும் செய்யவில்லை.

அவன் வெளியே பெஞ்சில் கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறான். நான் வரும்போது எழுந்து நின்றான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன்.

"அக்கா, எனக்காகக் கேக்கலை. அவ என்னைக் கட்டிக்க வேண்டாம். என் மூஞ்சியிலகூட முழிக்க வேண்டாம். வாசலைத் தாண்டினாப் போதும். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. புகை எரிச்சல் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

அவன் சொல்லிப் பார்த்துவிட்டான், அவள் நம்பவில்லை. நீங்களும் சொல்லிப் பார்த்தீர்கள், காதைப் பொத்திக்கொண்டாள். நான் என் வாயால் சொன்னால் மட்டும்தான் நம்புவாள் என்கிறீர்கள். உண்மைதான். எனக்கும் அது தெரியும். "நான்தான் செய்தேன், நீ போனதால் எதுவும் சாகவில்லை." அவ்வளவுதானே வாக்கியம். சின்ன வாக்கியம்தான். சொன்னால் அவள் அந்தக் கம்பியிலிருந்து கையை எடுப்பாள், எழுந்து நடப்பாள், இந்த வராந்தாவைத் தாண்டி, அவனையும் தாண்டி, எங்கு வேண்டுமானாலும் போவாள் என்கிறீர்கள். அதையும் நான் நம்புகிறேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். போலீஸிடம் சொல்லச் சொன்னால் அங்கேயும் இதே மாதிரி சொல்வேன். கையெழுத்தும் போடுவேன். அவளிடம் சொல்ல மாட்டேன், டாக்டரம்மா.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அவளை இந்த ஒரு வாரமாகத்தான் பார்க்கிறீர்கள். நான் அவளுக்குத் தலை வாரிவிட்டவள். அம்மா இல்லை, அப்பா இல்லை. அவள் உலகத்தில் நம்புகிற ஒரே ஆள் நான். அதையும் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டால் அந்தப் பெண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? அவள் மனசு தாங்காது. அவ்வளவு பெரிய கொடுமையை அவளுக்குச் செய்ய என்னால் முடியாது.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கை வலிக்கப்போகிறது, விடுங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். அவளைப் பயமுறுத்த வேண்டாம். கேட்டால், அக்காவுக்கு இன்றைக்கு அவ்வளவாக முடியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.